நரம்பு வெடிக்காது: ரத்தக் குழாய் உடையும்போது உள்ளே நடப்பது என்ன?

"மூளையில் நரம்பு வெடித்தது" என்று செய்தியின் தலைப்பில் இருக்கும். உள்ளே படித்தால் "ரத்தம் உறைந்து பக்கவாதம்" என்று இருக்கும். வெடித்ததா, உறைந்ததா? இரண்டும் ஒன்றா? வெடிப்புக்குக் கொடுக்க வேண்டிய மருந்தும் அடைப்புக்குக் கொடுக்க வேண்டிய மருந்தும் நேர் எதிரானவை. ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்குக் கொடுத்தால் ஆள் இறந்துகூடப் போகலாம். அதனால் இந்தக் குழப்பத்தைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது.

முதலில் அந்தச் சொல். தமிழில் நரம்பு என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஊசி போடுகிறவர் "நரம்பு கிடைக்கவில்லை" என்கிறாரே, அவர் தேடுவது சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். காலில் நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கும் 'நரம்புச் சுருட்டல்' என்பதும் சிரைதான். உண்மையான நரம்பு மின் சமிக்ஞை கடத்தும் இழை. அதன் வழியாக ரத்தம் ஓடுவதில்லை. வெடிக்கவும் அதில் ஒன்றும் இல்லை. உடைவது, கிழிவது, கசிவது எல்லாம் ரத்தக் குழாய்.

ஒரு வட்டம், மூன்று வகைக் குழாய்

ஓய்வாக இருக்கும் பெரியவரின் இதயம் ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் ரத்தம் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் 5 லிட்டர். உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது முழு ரத்தமும் நிமிடத்துக்கு ஒரு சுற்று வருகிறது.

இன்று சாதாரணமாகத் தெரியும் இந்தக் கணக்குத்தான் ஒரு காலத்தில் பெரிய புரட்சி. சாப்பாட்டிலிருந்து கல்லீரல் ரத்தத்தைச் செய்கிறது, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது என்றே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மருத்துவர்கள் நம்பினார்கள். ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி, இதயம் அரை மணி நேரத்தில் தள்ளும் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தார். அவ்வளவு ரத்தத்தை எந்தச் சாப்பாட்டாலும் புதிதாகச் செய்ய முடியாது. அப்படியானால் அதே ரத்தம்தான் திரும்பத் திரும்ப வர வேண்டும் என்று 1628-இல் எழுதினார். இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் தமனியிலிருந்து சிரைக்கு அது எப்படிப் போகிறது என்பதை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-இல், இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்து அந்த இடைவழியைக் கண்டார். அவைதான் தந்துகிகள்.

1. தமனி: இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோவது. அழுத்தம் அதிகம், சுவர் தடிமன். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் விட்டம் இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும். இதில் நுண்தமனி என்ற கடைசிக் கிளையைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வேலை இருக்கிறது.

2. தந்துகி: ஒரே ஒரு அடுக்கு உயிரணுக்களால் ஆன குழாய். விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். 7, 8 மைக்ரோமீட்டர் அகலமுள்ள சிவப்பணுக்கள் பல இடங்களில் தன்னை மடக்கிக்கொண்டு, ஒன்றன் பின் ஒன்றாக நுழைய வேண்டியிருக்கிறது. ஆக்சிஜன் கைமாறுவது இங்கேதான்.

3. சிரை: ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது. சுவர் மெலிது, அழுத்தம் மிகக் குறைவு. கால் சிரைகளில் ஒருவழிக் கதவு மாதிரி வால்வுகள் உண்டு. எந்த நேரத்தில் பார்த்தாலும் உடம்பின் ரத்தத்தில் பாதிக்கும் மேல் சிரைகளில்தான் இருக்கும்.

இந்தக் குழாய்களை எல்லாம் நீட்டிவைத்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரும் என்ற பிரபலமான வாக்கியத்தைப் படித்திருப்பீர்கள். அதை நம்ப வேண்டியதில்லை. டென்மார்க்கின் உடலியல் அறிஞர் ஆகஸ்ட் க்ரோ 1920-களில் போட்ட தோராயக் கணக்கு அது. 50 கிலோ தசை உள்ள ஒரு மனிதனை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார். அவ்வளவு தசை உள்ளவர்கள் அபூர்வம்.

மெல்லிய குழாய் ஏன் உடைவதில்லை?

120/80 என்று பிரஷர் பார்க்கிறோமே, அது பாதரசத்தை எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தள்ளும் என்ற அளவு. தண்ணீரில் சொன்னால் 120 என்பது 160 சென்டிமீட்டருக்கும் மேல். வெட்டுப்பட்ட தமனியிலிருந்து ரத்தம் பீய்ச்சி அடிப்பதற்குக் காரணம் இதுதான். தந்துகிக்குள் வரும்போது அழுத்தம் 35-இலிருந்து 15 வரை இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரைகளில் கிட்டத்தட்ட பூஜ்யம்.

சரி, அழுத்தம் குறைந்தாலும் ஒரே அடுக்குச் சுவர் எப்படித் தாங்குகிறது? குழாயின் சுவரைப் பிய்த்துப் பிரிக்கப் பார்க்கும் இழுவிசை, அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கினால் வருவது. தந்துகியின் ஆரம் மிகச் சிறியது. ஆகவே அதன் சுவருக்கு வரும் இழுவிசை, பெருந்தமனிச் சுவருக்கு வருவதைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் குறைவு. பெருந்தமனிக்கு இந்தச் சலுகை இல்லை. அதனால்தான் அதற்கு மூன்று அடுக்குகள்: உள்ளே வழுவழுப்பான அகச்சுவர், நடுவில் தசையும் மீள்நார்களும், வெளியே கொலாஜன் என்ற உறுதியான நார்ப்புரதம்.

இதே பெருக்கலில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஓரிடத்தில் சுவர் பலவீனமாகிக் குழாய் உப்பினால் ஆரம் கூடும். ஆரம் கூடினால் இழுவிசை கூடும். இழுவிசை கூடினால் இன்னும் உப்பும். பலூனைப் போல, உப்ப உப்பச் சுவரும் மெலிகிறது. அன்யூரிசம் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த வீக்கம் தானாகச் சுருங்குவதில்லை.

அப்புறம் அந்த நுண்தமனி. குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆரத்தை நான்கு தடவை எழுதிப் பெருக்கினால் வருவதை, அதாவது ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது அது. எனவே நுண்தமனி கொஞ்சம் சுருங்கினாலே அந்தப் பகுதிக்கான ஓட்டம் பெரிதும் குறைகிறது. குளிரில் விரல் வெளுப்பதும் வெட்கத்தில் முகம் சிவப்பதும், நுண்தமனி என்ற இந்தத் திருகு மூடித் திறப்பதால்தான். குழாயைத் தளரவைக்கும் சமிக்ஞை நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு. அகச்சுவரே அதைச் சுரக்கிறது. இதைக் கண்டுபிடித்ததற்காக மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

உடைந்த முதல் நிமிடங்கள்

குழாய் கிழிந்ததும் உடம்பு செய்வதை நான்கு கட்டமாகப் பிரிக்கலாம். நடப்பில் அவை ஒன்றோடொன்று கலந்தே நடக்கும்.

1. சுருக்கம். கிழிந்த குழாயின் தசை உடனே இறுகுகிறது. அந்த நான்காம் அடுக்குக் கணக்கு இங்கே உயிர் காக்கிறது. நடுத்தரத் தமனி ஒன்று முழுதாக அறுபட்டால் அதன் முனை உள்ளிழுத்துச் சுருங்கிக்கொள்ளும். பாதி மட்டும் வெட்டுப்பட்ட தமனியால் அப்படி இழுத்துக்கொள்ள முடியாது. ஆகவே பாதி வெட்டு சில சமயம் முழு வெட்டைவிட மோசமாக ரத்தம் விடும்.

2. அடைப்பான். ரத்தத்தில் மிதக்கும், உறைதலுக்கு உதவும் நுண்ணிய துணுக்குகள் பிளேட்லெட்டுகள். நல்ல அகச்சுவரில் அவை ஒட்டாது. ஒட்டாமல் இருக்க வேண்டிய பொருள்களை அதுவே சுரக்கிறது. கிழிந்த இடத்திலோ உள்ளே மறைந்திருந்த கொலாஜன் வெளியே தெரிகிறது. வான் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதம் அதில் பசையாக ஒட்டி, ஓடும் பிளேட்லெட்டுகளைப் பிடித்து நிறுத்துகிறது. நின்றவை மற்றவற்றைக் கூப்பிடும் ரசாயனங்களை விடுகின்றன.

3. வலை. பிளேட்லெட் குவியல் மட்டும் நிற்காது, ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். ரத்தத்தில் உறங்கிக்கொண்டிருக்கும் உறைதல் காரணிகள் ஒன்றை ஒன்று எழுப்புகின்றன. கடைசியில் எழும் த்ராம்பின், கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. அந்த இழைகள் குவியலைச் சுற்றி வலை பின்னுகின்றன. காயம் பட்ட இடத்தில் விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொல்வது இந்த வலை பின்னும் நேரத்துக்காக. நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் பின்னியதும் பிய்ந்துவிடும்.

4. நிறுத்தமும் கரைப்பும். ஆரம்பித்த உறைதல் உடம்பு முழுக்கப் பரவினால் அதுவே மரணம். ஆகவே காயத்தைத் தாண்டிப் பரவாமல் தடுக்கும் புரதங்கள் ரத்தத்திலேயே இருக்கின்றன. சுவர் ஆறிய பிறகு பிளாஸ்மின் என்ற நொதி ஃபைப்ரினை வெட்டிக் கரைக்கிறது.

எந்தக் கட்டம் பழுதாகிறது என்பதைப் பொறுத்து நோயின் முகம் மாறும். ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோஃபிலியாவில் எட்டாம் உறைதல் காரணியோ ஒன்பதாம் காரணியோ குறைவு. இரண்டாம் கட்டம் சரியாக இருப்பதால் சிறு கீறல் உடனே நின்றுவிடும். வலை இல்லாததால் சில மணி நேரம் கழித்து மூட்டுக்குள்ளும் தசைக்குள்ளும் கசியும். ஹீமோஃபிலியா உள்ளவருக்கு ரத்தம் வேகமாகப் போகாது, நெடுநேரம் போகும். வான் வில்லிபிராண்ட் காரணி குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் மூக்கிலும் ஈறிலும் ரத்தம் வரும், மாதவிடாயில் அதிகம் போகும். ஆஸ்பிரின் பிளேட்லெட்டின் ஒரு நொதியை நிரந்தரமாக முடக்குகிறது. பிளேட்லெட்டுக்கு உட்கரு இல்லை, புது நொதி செய்துகொள்ள முடியாது. அதனால் மாத்திரையை நிறுத்தியும், பழைய பிளேட்லெட்டுகள் போய்ப் புதியவை வரும் வரை, அதாவது ஏழு முதல் பத்து நாள் வரை, அதன் விளைவு இருக்கும். உறைதலைத் தடுக்கும் இன்னொரு மருந்தான வார்ஃபரினுக்கு வேறு வழி: வைட்டமின் கே இல்லாமல் செய்ய முடியாத காரணிகளை அது குறைக்கிறது.

ஸ்கர்வியில் உறைதல் சரியாகவே இருக்கும், பழுது சுவரில். வைட்டமின் சி இல்லாமல் உறுதியான கொலாஜன் உருவாகாது. பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1747-இல் கப்பலில் 12 மாலுமிகளை வைத்துச் சோதித்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்றவர்கள் தேறுவதைக் கண்டார். காரணம் அவருக்குத் தெரியாது. டெங்குவிலும் இப்படி ஒரு தவறான கவனம் உண்டு. எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடுமையான டெங்குவில் பெரிய ஆபத்து, தந்துகிச் சுவர் ஒழுகி ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறுவது. குழாய் உடையாமலேயே ரத்த அழுத்தம் விழுந்துவிடும்.

எது உடைந்தது, எங்கே உடைந்தது

தந்துகிகள் தினமும் எங்கோ உடைந்துகொண்டுதான் இருக்கின்றன. இடித்துக்கொண்ட இடம் கன்றிப்போவது தோலுக்கடியில் கசிந்த ரத்தம். முதலில் செந்நீலம், ஹீமோகுளோபின் சிதையச் சிதையப் பச்சை, பிறகு மஞ்சள், சில சமயம் பழுப்பு. வண்ணம் மாறுவது ஆறுகிறது என்பதற்கு அடையாளம். தும்மியதும் வெள்ளை விழி ரத்தச் சிவப்பாகிவிட்டது என்று பயப்படுகிறார்களே, வலியும் பார்வைக் குறைவும் இல்லாவிட்டால் அதுவும் இதே மாதிரி ஒரு கன்றல்தான். இரண்டு வாரத்தில் போய்விடும்.

மூக்கு ரத்தம் பெரும்பாலும் மூக்குத் தடுப்பின் முன்பகுதியில் உள்ள குழாய்ப் பின்னலிலிருந்து வருகிறது. தலையை அண்ணாந்து பிடிப்பது தவறு, ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும்.

சிரை உடைந்தால் கருஞ்சிவப்பு ரத்தம் வழியும். தமனி உடைந்தால் பளிச்சென்ற சிவப்பில், துடிப்புக்குத் துடிப்பு பீய்ச்சும். எவ்வளவு போனால் ஆபத்து? பெரியவருக்கு மொத்தத்தில் 15 சதவீதம், சுமார் 750 மில்லிலிட்டர் வரை, உடம்பு பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. 15 முதல் 30 சதவீதத்தில் நாடி வேகமாகும், தோல் குளிரும். ஆனால் மேல் பிரஷர் பெரும்பாலும் சரியாகவே காட்டும். மற்ற இடத்துக் குழாய்களைச் சுருக்கி உடம்பு அதைத் தாங்கிப் பிடிக்கிறது. 30-ஐத் தாண்டும்போது பிரஷர் சரிகிறது. 40-க்கு மேல் உயிருக்கே ஆபத்து. "பிரஷர் நார்மல், பயமில்லை" என்ற ஆறுதலில் உள்ள ஓட்டை இது. வயிற்றுக்குள்ளோ தொடைக்குள்ளோ கசியும் ரத்தம் வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் இந்த அளவைத் தொட முடியும்.

மண்டைக்குள் கணக்கே வேறு

மூளையில் கசிவு ஏற்பட்டுச் சாகிறவர் ரத்த இழப்பால் சாவதில்லை. போகும் ரத்தம் கொஞ்சம்தான். ஆனால் மண்டை ஓடு விரியாத பெட்டி. உள்ளே புதிதாகச் சேரும் ரத்தம் மூளையை நசுக்கித்தான் இடம் தேட வேண்டும். கூடவே, உடைந்த குழாயை நம்பியிருந்த பகுதி பட்டினி கிடக்கிறது.

1. மூளைத் திசுவுக்குள் கசிவு. பல ஆண்டு உயர் ரத்த அழுத்தம், ஆழத்தில் இருக்கும் நுண் தமனிகளின் சுவரைக் கெடுத்திருக்கும். ஒருநாள் உடையும். செய்திகளில் 'நரம்பு வெடித்தது' என்று வருவது அநேகமாக இது, அல்லது அடுத்தது.

2. மூளையின் மேலுறைக்கடியில் கசிவு. மூளையின் அடித்தளத்தில் தமனிகள் கிளை பிரியும் இடங்களில் சிறு பழம் போன்ற அன்யூரிசங்கள் சிலருக்கு உண்டு. பெரியவர்களில் நூற்றுக்கு மூவர் அளவுக்கு இருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை வாழ்நாளெல்லாம் உடைவதே இல்லை. உடைந்தால், இடி விழுந்த மாதிரி, சில நொடிகளில் உச்சத்துக்குப் போகும் தலைவலி. அப்படி ஒரு வலி வந்தால் மாத்திரை போட்டுப் படுக்கும் நேரம் அதுவல்ல.

3. அடிபட்ட பிறகு எலும்புக்கும் உறைக்கும் இடையே கசிவு. பெரும்பாலும் இது பொட்டுப் பகுதி எலும்பு உடைந்து, அதன் உள்பக்கம் ஓடும் தமனி கிழிவதால் வருவது. அடிபட்டவர் மயங்கி, எழுந்து, நன்றாகப் பேசி, சில மணி நேரத்தில் மறுபடி சரியலாம். நடுவில் வரும் அந்தத் தெளிவுதான் ஏமாற்றும்.

4. சிரைக் கசிவு. வயதானவர்களின் மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும். மண்டையோடு இணைக்கும் சிரைகள் இழுபட்டிருக்கும். லேசான இடிபாட்டில் கிழிந்து மெதுவாகக் கசியும். குழப்பமும் தள்ளாட்டமும் வாரங்கள் கழித்துத் தெரியவரும். அதற்குள் விழுந்ததே மறந்துபோயிருக்கும்.

மாரடைப்பும் ஒருவகை உடைப்புதான்

கொழுப்பு சேர்ந்து சேர்ந்து, தண்ணீர்க் குழாய் மாதிரி இதயக் குழாய் முழுசாக அடைபடுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பல மாரடைப்புகளில் நடப்பது வேறு. தமனியின் அகச்சுவருக்கடியில் கொழுப்புப் படிவு ஒன்று, மேலே மெல்லிய மூடியோடு இருக்கிறது. ஒருநாள் அந்த மூடி விரிசல் விடுகிறது. குழாய்க்கு வெளியே ரத்தம் போகவில்லை. உள்பக்கம் மட்டும்தான் கிழிசல். ஆனால் பிளேட்லெட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. காயம் என்று நினைத்து, மேலே சொன்ன இரண்டாம், மூன்றாம் கட்டங்களை அப்படியே நடத்துகிறது. சில மில்லிமீட்டர் அகலக் குழாய் நிமிடங்களில் அடைபடுகிறது.

பாதி கூட அடைக்காத படிவும் இப்படி விரியலாம். நேற்றுவரை ஓடியாடிக்கொண்டிருந்தவர் இன்று சரிவதற்கு இது ஒரு காரணம். மாரடைப்பில் ஆஸ்பிரின் கொடுப்பதும் இந்தப் பிளேட்லெட் குவியலைத் தடுக்கத்தான்.

பெருந்தமனி

வயிற்றுப் பகுதிப் பெருந்தமனியின் சாதாரண விட்டம் 2 சென்டிமீட்டர். ஆண்களுக்கு அது அன்யூரிசமாக உப்பி 5.5-ஐத் தொட்டால், உடையும் ஆபத்து அறுவையின் ஆபத்தைவிட அதிகம் என்று கருதிச் சிகிச்சைக்குப் போவது வழக்கம். வயிற்றை ஸ்கேன் செய்தாலே தெரிந்துவிடும். அறிகுறி மட்டும் பெரும்பாலும் இருக்காது. ஐன்ஸ்டைனுக்கு இந்த வீக்கம் இருந்தது. 1948-இல் அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிஸ்ஸன் அதைச் செலோஃபேன் தாளால் சுற்றிவைத்தார். அந்தக் காலத்தில் செய்ய முடிந்தது அதுதான். 1955 ஏப்ரலில் அது உடைந்தபோது ஐன்ஸ்டைன் இன்னொரு அறுவையை மறுத்துவிட்டார்.

மார்புப் பகுதியில் வேறொரு விபத்து நடக்கும். அகச்சுவர் மட்டும் கிழிந்து, ரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிரித்துக்கொண்டே போகும். நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போன்ற திடீர் வலி. மாரடைப்பு என்று நினைத்து உறைதலைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

கசிவா, அடைப்பா: கண்ணால் சொல்ல முடியாது

வாய் கோணுவது, ஒரு பக்கக் கை தளர்வது, பேச்சுக் குழறுவது: இவை இரண்டுக்கும் பொது. உலகம் முழுக்கப் பக்கவாதங்களில் பெரும்பான்மை அடைப்பால் வருபவை. அவற்றுக்கு, ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள், உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்கலாம். கசிவு இருப்பவருக்கு அதே மருந்து, பின்னிய வலையையும் கரைத்துவிடும். ஆகவே முதலில் சி.டி. ஸ்கேன். புதிய ரத்தம் அதில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். அடைப்போ முதல் சில மணி நேரம் ஸ்கேனில் தெரியாமலேயே போகலாம். அடைப்பு இருக்கிறதா என்பதைவிட, கசிவு இல்லை என்று உறுதி செய்வதற்கே அந்த முதல் ஸ்கேன். பக்கவாத அறிகுறிக்கு வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

வெளிக்காயத்துக்குச் செய்ய வேண்டியது எளிது. சுத்தமான துணியை வைத்து நேராக, பலமாக அழுத்துங்கள். துணி நனைந்தால் எடுக்காமல் மேலே இன்னொன்று. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்க வேண்டாம். ஓட்டையை இப்போது அடைத்துக்கொண்டிருப்பதே அதுவாக இருக்கலாம். கை காலில் அழுத்தியும் பீய்ச்சுவது நிற்காவிட்டால் மட்டும் காயத்துக்கு மேலே அகலமான பட்டியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள்.

தையல் கற்றுக்கொண்ட டாக்டர்

1894-இல் பிரான்சின் ஜனாதிபதி சாதி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரை அறுபட்டிருந்தது. இருந்த அறுவை நிபுணர்களால் எதுவும் செய்ய முடியவில்லை. ரத்தக் குழாயை நம்பகமாகத் தைக்கும் முறை அப்போது இல்லை. அதே நகரில் அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அலெக்ஸி கேரெல், பூத்தையல் செய்யும் ஒரு பெண்ணிடம் போய் மெல்லிய ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார். வட்டமான குழாய் முனையில் மூன்று இடத்தில் நூல் போட்டு இழுத்தால் அது முக்கோணமாகும். நேர்க்கோட்டில் தைப்பது எளிது என்பது அவர் கண்ட உத்தி. 1912-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்று பல உடைப்புகளுக்கு வெட்டவே வேண்டியதில்லை. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை மூளை வரை கொண்டுபோய், அன்யூரிசத்துக்குள் முடிபோன்ற பிளாட்டினக் கம்பிச் சுருளை அடைக்கிறார்கள். அந்தக் கம்பி ஓட்டையை முழுதாக நிரப்புவதில்லை. அதைச் சுற்றி ரத்தத்தை வேண்டுமென்றே உறையவைத்து, வீக்கத்தின் வாயை அந்தக் கட்டியாலேயே மூடுகிறார்கள்.